சொல்லாமல் வாருங்கள்

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். உன் உடல்நிலை பற்றிய விவரம் உன் பதிலின் முதல் பத்தியிலேயே வரவேண்டும்; சென்ற முறை அது பின்குறிப்பில் இருந்தது.

மனநோயாளிகளுக்கான உதவித்தொகை கேட்டு நீ கொடுத்த விண்ணப்பத்தின் பேரில் மருத்துவக் குழு உன்னை நேரில் அழைத்திருப்பதாக எழுதியிருந்தாய். சாட்சிக் கூண்டில் ஏறப்போகும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். குறித்த நேரத்துக்கு முன்பே போய்விடு. சுத்தமாக உடுத்து, தலையை வாரிக்கொள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். நீயாக எதையும் சேர்க்காதே. குரலை உயர்த்தாதே. நகைச்சுவை வேண்டவே வேண்டாம்.

மனு உன் பெயரில் மட்டும் இருக்கட்டும். சொந்தத் தங்கைக்காக ஒரு வழக்கறிஞன் முன்னால் வந்து நிற்பது உசிதமல்ல என்பது என் கருத்து. பின்னால் நான் இருக்கிறேன்.

தொகை கிடைத்தால் உன் வாடகை அறையை நீயே வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் இங்கே பின்பக்க அறை இருக்கிறது. அண்ணி அதற்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறாள். எதற்கும் தயாராக இருப்பது நல்லது.

மருந்தைத் தவறவிடாதே.

உன் நலம் நாடும்
அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் பத்தி: உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு இன்றைக்கு நன்றாக இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

நீ சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தேன். இஸ்திரி போட்ட உடை, படிய வாரிய தலை. நடைவழி பெஞ்சில் ஊன்றுகோலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். “யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டார். “என்னைத்தான்” என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்.

“தனியா பஸ்ல வந்தீங்களா?”

“ஆமா.”

“சமையல் யாரு?”

“நான்தான்.”

“குளிக்கிறது, துணி துவைக்கிறது எல்லாம்?”

எந்த மாதத்தைக் கேட்கிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சேர்க்காதே என்றாயே. “அதுவும் நான்தான்” என்றேன்.

“வேலை பார்த்த இடத்துல என்ன பிரச்சினை?”

“துணியை வெட்டிட்டேன்.”

“கட்டிங் செக்ஷன்னு போட்டிருக்கே. அதுதானே உங்க வேலை?”

“ஆமா.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உன் உத்தரவு.

நேற்று முடிவு வந்தது. அப்படியே எழுதுகிறேன்: ‘தோற்றம் சுத்தம். பேச்சு தெளிவு. ஒத்துழைப்பு நன்று. வேலைக்குத் தகுதியுடையவர். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’ இந்தத் தாளை வைத்துக்கொண்டு நீ எனக்கு மாப்பிள்ளை பார்க்கலாம். உதவித்தொகைதான் வாங்க முடியாது.

அன்புடன்
தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

யாவரும் நலம். அண்ணிக்கு மட்டும் சிறிது ஜலதோஷம்.

என் அறிவுரையில் பிழை இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. ஆனால் விளைவு விரும்பத்தக்கதாக இல்லை என்பதை ஏற்கிறேன்.

இனிச் செய்யவேண்டியதை யோசித்துவிட்டேன். உனக்கு முதுகுவலி உண்டு. வெட்டும் மேசையில் வருடக்கணக்காகக் குனிந்து நின்றவளுக்கு அது இருந்தே தீரும். முதுகெலும்பைப் படம் எடுக்கலாம். படத்தை யாரும் மறுக்க முடியாது. மனம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. ஆகவே மேல்முறையீட்டை விட்டுவிட்டு, ‘மனநோய்’ என்ற சொல்லே இல்லாமல் புதிய விண்ணப்பம் ஒன்று கொடுப்போம். அந்தச் சொல் ஒருமுறை உத்தரவாகப் பதிவேட்டில் ஏறினால் இறங்காது. வேறு சில காரணங்களும் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவேண்டியதில்லை.

பின்பக்க அறையில் கட்டில் போட்டாயிற்று. சன்னலுக்குத் திரை என்ன நிறத்தில் வேண்டும் என்று அண்ணி கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அண்ணியின் ஜலதோஷம் போயிற்றா?

என் முதுகு நன்றாக இருக்கிறது, அண்ணா. பாவம், அதன் மேல் ஏன் பழி போடுகிறாய்? நீ விரிக்காத காரணங்களை நானே விரித்துப் பார்த்துக்கொண்டேன். நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும். அத்தைக்கு முதுகு சரியில்லை என்றால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அதுதானே?

எனக்கு இருப்பது இருமுனை மனநோய். இரண்டு முனை. ஏறுகிற மாதத்தில் ஒரு சரக்குத் துணி முழுவதையும் யாரும் கேட்காத குழந்தைக் கோட்டுகளாக வெட்டி அடுக்கினேன். ஒவ்வொன்றும் கச்சிதம். அதற்குப் பிறகு வந்த மாதத்தில் மெஷினை ஓடவிட்டு, கத்தி கையருகில் சுழல, எதற்காக நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். எங்கள் சூப்பர்வைசர், ‘பெரிய கத்தரி’ என்று நாங்கள் சொல்கிறவர், ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். என்னை வேலையிலிருந்து அனுப்பும்போது சொன்னார்: “நீ நல்லா இருக்கற மாசத்துல உன்ன மாதிரி ஒரு ஆள் கிடையாது. அது எந்த மாசம்னு முன்கூட்டியே சொல்லிடு, வேலை தரேன்.” எனக்கே தெரிந்தால் சொல்லமாட்டேனா?

திரைக்கு நிறம் வேண்டாம். உங்கள் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே நான் சிரித்தால் மருந்து போட்டாயா என்று கேட்பீர்கள்; அழுதாலும் அதே கேள்வி. இந்த அறையில் என் சிரிப்பு வெறும் சிரிப்பு. இதை விட்டு வரமாட்டேன்.

உதவித்தொகை விதிகளை ஒரே மூச்சில் முழுவதும் படித்தேன். பொய் சொல்லித் தொகை வாங்குகிறவர் என்று சந்தேகம் வந்தால், முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்து பார்க்க ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டாம். மேல்முறையீட்டில் அதைக் கேட்டு எழுது. சொல்லாமல் வாருங்கள், அடிக்கடி வாருங்கள், எந்த நாள் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று எழுது.

அன்புடன்
தங்கை


மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நலம். ஜலதோஷம் இப்போது எனக்கு.

தானாகக் கதவைத் திறந்துவைத்துச் சோதனைக்கு அழைக்கும் கட்சிக்காரரை என் தொழிலில் நான் கண்டதில்லை. அந்த விதி பொய்யர்களைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. ஆய்வாளர் வரும் நாள்களிலெல்லாம் நீ தற்செயலாக நன்றாக இருந்துவிட்டால், முதல் முடிவு இரும்பைப் போல் உறுதியாகிவிடும். பிறகு எந்தக் கதவும் இல்லை. இந்த அபாயத்தை எழுத்தில் உனக்குத் தெரிவித்துவிட்டேன் என்பதை நினைவில் வை.

ஆயினும் நீ கேட்டபடியே மனுவை எழுதி இத்துடன் அனுப்பியுள்ளேன். கையொப்பம் உன்னுடையது.

ஆதாரமாக இணைக்கலாமே என்று உன் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். ஒன்றும் உதவவில்லை. எல்லாவற்றிலும் கேலி, கலகலப்பு, அண்டைவீட்டுக் கதை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு ஆண்டுகளில் உன் கடிதங்களில் நோயை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்; தவறாக எண்ணாதே: நீ சொல்லும் அளவுக்கு அது கடுமையானதுதானா?

பதில் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மனு சேர்ந்ததா, கையெழுத்திட்டுக் கொடுத்தாயா என்பதும் தெரியவில்லை. என் கடைசிக் கேள்வி உன்னைப் புண்படுத்தியிருந்தால், அது வழக்கின் தேவை கருதிக் கேட்கப்பட்டது என்று எடுத்துக்கொள்.

கோபம் என்றால் கோபம் என்றாவது ஒரு வரி எழுது.

அண்ணன்


மே 14

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கை குடியிருக்கும் வீட்டின் மாடியில் இருப்பவள் நான், பள்ளிக்கூட ஆசிரியை. அறையின் இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது. உங்கள் கடைசிக் கடிதம் பிரிக்கப்படாமல் கதவடியில் கிடப்பதைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

பதில் இல்லையே, கோபமோ என்று நினைத்திருப்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. சில வாரங்களாகப் படுக்கையில் இருக்கிறாள். நான் கஞ்சி கொடுத்தால் சில நாள் குடிப்பாள். டாக்டரை அழைத்து வந்து காட்டினேன், மருந்தை மாற்றியிருக்கிறார். மனுவை மார்ச் மாதமே தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். உங்களை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேணாம் டீச்சர். வந்தா கூட்டிட்டுப் போயிடுவான்” என்றாள். அந்த வாரம் முழுவதும் அவள் பேசியது அவ்வளவுதான். அதனால் நீங்கள் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

இது எனக்குப் பழகிய ஒன்று, ஐயா. ஒவ்வொரு வருடமும் வருவதுதான். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

வணக்கத்துடன்
மாடி வீட்டு ஆசிரியை


ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுந்துவிட்டேன். எழுத்து இன்னும் நேராக வரவில்லை, பொறுத்துக்கொள். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஆய்வாளர் வந்தார். வெயிலிலும் குடை, நான் வைத்த பெயர் குடை ஐயா. மார்ச்சில் முதல் முறை வந்தபோது, நான் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தேன். சன்னல் திரைகளைக் கழற்றி, இந்தக் கட்டடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் மெத்தை உறை வெட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கோட்டில் தோள் சரியில்லை என்று கழற்றச் சொன்னேன். கழற்றினார், பாவம். பிரித்தும் போட்டேன். சட்டையோடு போனார். “ரொம்ப உற்சாகமா இருக்காங்க” என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். “இன்னொரு தடவை வாங்க சார்” என்றாராம் டீச்சர்.

மே கடைசியில் வந்தார். இது டீச்சர் சொன்னது.

“உள்ள ஆள் இருக்காங்களா?”

“இருக்கா. எழுந்து வரமாட்டா.”

“கோட்டைக் கேட்கலாம்னு வந்தேன்னு சொல்லுங்க.”

சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறார். டீச்சர் கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார். எச்சில் தட்டுகள், மூடிய சன்னல், கழுவாத என் தலை, சுவர்ப்பக்கம் திரும்பிய என் முதுகு. நீ சொன்னாயே, முதுகை யாரும் மறுக்க முடியாது என்று, நன்றாகவே பார்த்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாராம். நான் எதற்கும் பதில் சொல்லவில்லை. போகும்போது ஒழுகிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனார். அந்தச் சத்தம் நின்றது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

முந்தாநாள் மறுபடி வந்தார். நானே கதவைத் திறந்தேன். “இன்னைக்கு எப்படி?” என்றார். “நடுவுல” என்றேன். அதையே எழுதிக்கொண்டார்.

பதில் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. என் கடிதங்களில் நோய் இல்லை என்றாய். அது இருக்கும்போது நான் எழுதமாட்டேன், அண்ணா. இத்தனை வருடமாக நல்ல மாதங்களை மட்டும் உனக்குத் தபாலில் அனுப்பினேன். நடுவில் வந்த இடைவெளியைத் தபால்காரன் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டாய். அந்த டாக்டர் பார்த்தது ஒரு நல்ல காலை. நீ பார்த்தது எத்தனையோ நல்ல வருடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்புடன்
தங்கை


ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தலை வாரியிருக்கிறேன், என் இஷ்டத்துக்கு.

தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, அடுத்த மாதத்திலிருந்து தொகை வரும். இனி வாடகை தவறாது என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். டீச்சர் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் உத்தரவில் இப்படி ஒரு வரி: ‘மனுதாரர் எக்காலத்திலும் எவ்வகைப் பணியையும் செய்ய இயலாதவர்.’

பெரிய கத்தரியிடம் போனேன். நல்ல மாதங்களில் மட்டும், கையால் கத்தரிக்கிற மேசையில், மெஷின் இல்லாமல் வேலை தருவதாகப் போன வாரம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். அப்படிச் சிறிது சம்பாதிக்க விதி இடம் தருகிறது, அதையும் படித்துவைத்திருக்கிறேன். உத்தரவைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு உன்ன உள்ள விட்டா, என்னைத்தான் முதல்ல வெளிய அனுப்புவாங்க.”

“மேசை வேலைதானே?”

“எவ்வகைன்னு போட்டிருக்காங்களே. மேசையும் ஒரு வகைதானே?”

அந்த வரியை எடுக்கவேண்டும். மனு எழுது.

தங்கை


ஜூலை 22

அன்புள்ள தங்கைக்கு,

யாவரும் நலம். உன் வெற்றியில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் அடக்க முடியாது, அண்ணி அழுதேவிட்டாள்.

உன் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. வென்றவர் வழக்கை மறுபடி திறப்பதில்லை. கோப்பைத் திறந்தால் ஒரு வரிக்காக மட்டும் திறக்காது, முழுவதும் திறக்கும். ‘எனக்கு வேலை செய்ய முடியும்’ என்று நீயே சொல்லிக்கொண்டு போய் நின்றால், ‘அப்படியானால் தொகை எதற்கு?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். தொகை போனால் அறை போகும். உத்தரவுகளில் இப்படி மிகையான வாக்கியங்கள் வருவது வழக்கம். அது ஓர் அலமாரியில் தூங்கப்போகிறது. யாரையும் கடிக்காது.

தயவுசெய்து பொறுமையாக இரு.

அண்ணன்


ஜூலை 29

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்குப் பொறுமை இல்லை.

கடிக்கிறது. என்னைக் கடிக்கிறது. முதலில் பார்த்த மருத்துவக் குழு உனக்கு எல்லாம் முடியும், போ என்றது. இவர்கள் உனக்கு எதுவுமே முடியாது, இந்தா என்கிறார்கள். குடை ஐயா மூன்று முறை வந்து, மூன்று விதமாக எழுதிக் கொடுத்தார். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு விதம் போதுமாம்.

பொய்யான வியாதி சொல்லித் தொகை வாங்கமாட்டேன் என்று உன்னிடம் சண்டை போட்டவள் நான். என்னைப் பற்றிய பொய்யை வாங்கிக்கொண்டு மட்டும் இந்த அறையில் எப்படி இருப்பேன்? தொகை போனால் மறுபடி கேட்பேன். மறுபடியும் சொல்லாமல் வாருங்கள் என்பேன். எனக்கு வெட்கம் இல்லை. உங்கள் எல்லோருக்கும்தான் என் சார்பில் அது இருக்கிறது.

நீ எழுதித் தராவிட்டால் நானே எழுதுவேன், என் பாஷையில். பிறகு தீர்ப்பாயத்தில் யாருக்காவது மயக்கம் வந்தால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. இத்தனை மனுவிலும் உன் மூளை இருக்கிறது, அண்ணா. பெயர்தான் எங்கேயும் இல்லை. என் நோய் காகிதம் வழியாக ஒட்டிக்கொள்ளும் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

தங்கை


ஆகஸ்ட் 12

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்று அறிய விரும்புகிறேன். நலம் என்றுதான் எழுதவேண்டும் என்பதில்லை.

நேற்று முன்தினம் ரயிலேறி உன் ஊருக்கு வந்து, திருத்த மனுவில் உன் வழக்கறிஞராக நானே கையெழுத்திட்டு, தீர்ப்பாயத்தில் நேரில் தாக்கல் செய்தேன். உன் அறைக்கு வரவில்லை. நீ கூப்பிடவில்லை, கூப்பிடாத வீட்டுக்கு வரும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு, எனக்கு இல்லை.

மனுவின் நடுப்பகுதி இது: ‘இம்மனுதாரர் ஆண்டின் சில மாதங்களில் பணி செய்ய இயலாதவர், பிற மாதங்களில் இயன்றவர். முந்தையது எப்போது வரும் என்பதை அவரோ மருத்துவரோ முன்கூட்டிச் சொல்ல இயலாது. தொகைக்கான தேவை அதுவே. எக்காலத்திலும் எவ்வகைப் பணியையும் செய்ய இயலாதவர் என்ற வாக்கியம் உண்மைக்குப் புறம்பானது. தமக்கு அது சாதகமாக இருப்பினும் அதை நீக்குமாறு மனுதாரர் கோருகிறார்.’ இவ்வளவு குறைவான காற்புள்ளிகளோடு நான் எழுதிய முதல் மனு இது.

எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார்.

“ஜெயிச்சாச்சே சார். எதுக்கு மறுபடி?”

“ஜெயிச்சதுல ஒரு பொய் சேர்ந்து வந்துடுச்சு.”

“அதை எடுக்கப் போனா மிச்சமும் போயிடும். தெரியும்ல?”

“தெரியும். என் கட்சிக்காரருக்கும் தெரியும்.”

“அவங்க உங்களுக்கு என்ன உறவு?”

நடைவழியில் நல்ல கூட்டம். எனக்குத் தெரிந்த வக்கீல்கள் இரண்டு பேர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கலாம்.

“என் தங்கை” என்றேன். “இருமுனை மனநோய்.”

அவர் முத்திரை குத்தினார். விசாரணை அக்டோபர் முதல் வாரத்தில். அன்றைக்கு மனுதாரர் நேரில் வருவாரா என்று கேட்டார், குறித்துக்கொள்ளவேண்டுமாம்.

“அன்னைக்கு எப்படி இருக்காளோ அப்படி வருவா” என்றேன். “வராம போனா, அதையும் சாட்சியமா எழுதிக்கங்க. நான் வருவேன்.”

உன் அண்ணனும், இவ்வழக்கில் உன் வழக்கறிஞருமாகிய
நான்